முன்னால் நடப்பவளுக்கு ஏற்ற துப்பாக்கி

ஆகஸ்ட் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். விடியற்காலை பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. காற்று இல்லை. வருடத்தை மட்டும் எழுத மாட்டேன். என் மீது வழக்கு எதுவும் இல்லை. ஆனாலும் காவல் நிலையத்திலும் இந்த வார இதழை வாங்குகிறார்கள் என்று கேள்வி.

பீடோர் பட்டணத்துக்கு வெளியே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் வாங்கிய மூன்று ஏக்கரில் கொய்யா போட்டிருக்கிறோம். அதற்குள் போக ஒற்றையடிப் பாதை ஒன்றுதான். அதில் முன்னால் என் மனைவி ரோஸ். ரோசுக்குப் பன்னிரண்டு அடி முன்னால் ஒரு தாய்ப் பன்றி, குட்டிகளோடு. குட்டிகள் ஏழு. எட்டாவது ஒன்று வாழை மறைவில் இருந்திருக்கலாம். அதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ரோசுக்கு நான்கு அடி பின்னால் நான்.

என் இடது முழங்கையில் புத்தம் புதிய இரட்டைக் குழல் துப்பாக்கி, நடுவில் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் தோட்டா இல்லை.

காட்டுப் பன்றியின் எதிரில் ஒரு மனிதன் ஏன் காலித் துப்பாக்கியோடு நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் காலை நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்றி அங்கேயே நிற்கட்டும். நான் விளக்கிவிட்டு வருகிறேன்.

மாத்திரை எண்ணியவன்

சென்ற வாரம் என் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தேன். ஆறு வாசகர்கள் எண்ணெய் அனுப்பியிருக்கிறார்கள். ஆறும் ஆறு நிறம். மிக்க நன்றி. இந்த வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் எதையும் அனுப்ப வேண்டாம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்து நான்கு வருடம் நின்றவன். மாத்திரைகளைத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் விரல் அரித்தது. வீட்டுப் படிகளை எண்ணினேன். மாதா கோயில் பூசையில் சாமியார் இருமுவதை எண்ணினேன். அதை அவரிடமே சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை.

பிறகு கொய்யா வந்தது. கொய்யாப் பிஞ்சு ஒவ்வொன்றுக்கும் பை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழ ஈ கொட்டிவிடும். ரோஸ் கட்டுவாள், நான் எண்ணுவேன். அவள் கட்டுகிற வேகத்துக்கு என்னால் எண்ண முடிவதில்லை.

நிலம் அவள் வாங்கியது. பள்ளிக்கூடக் காண்டீனில் இருபத்திரண்டு வருடம் மீ கோரிங் நூடுல்ஸ் பிரட்டிச் சேர்த்த பணம். பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. மரியாதைக்காகச் சேர்த்தது.

அந்த நிலத்தில்தான், ஈஸ்டர் முடிந்த சில நாட்களில், மூன்று கால் ஏணியில் நின்று பை கட்டிக்கொண்டிருந்த ரோசை ஒரு ஆண் பன்றி ஏணியோடு சாய்த்தது. அவள் ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கினாள். பன்றி கீழே ஏணியைக் குத்திக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டிருக்கிறாள். நான் குடிசைக்குள் புதுப் பைக் கட்டைப் பிரித்து, நூறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டுதான் இருந்தது. அந்த ஆத்திரத்தில் எனக்குக் காது கேட்கவில்லை.

கணுக்காலில் ஒன்பது தையல். டாக்டர் எட்டு என்றார். நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது.

கிள்ளானில் இருக்கும் எங்கள் மகள் மெர்சி அன்று மாலையே போன் செய்தாள். "வித்துருங்க லா பா. கொய்யா வேணும்னா பசார்ல வாங்கிச் சாப்பிடலாம்" என்றாள். எப்போதும் இதற்கு ரோசிடம் பதில் தயாராக இருக்கும். அன்று அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஐந்து வாரம் ரோஸ் தோட்டத்துக்குப் போகவில்லை. கால் ஆறிய பிறகும் போகவில்லை. காலையில் எழுந்து தலை வாரிக்கொள்வாள், காலணியை எடுத்து வைப்பாள், பிறகு சமையலறையில் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள், "மெர்சி சொல்றது சரிதான் போல இருக்கு" என்றாள்.

ரோஸ் தன் வாழ்நாளில் வேறொருவர் சொன்னதைச் சரி என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பன்றி ஒரு ஏணியை மட்டும் சாய்க்கவில்லை என்று புரிந்தது. துப்பாக்கிக்கு விண்ணப்பித்தேன்.

செட்டியாரின் ஐந்து

எங்கள் நிலத்தை அடுத்த நிலம் பழனியப்பன் செட்டியாருடையது. காரைக்குடிப் பக்கத்துப் பூர்வீகம், ஈப்போவில் காப்புறுதித் தொழில். உலகத்தில் நடக்கக்கூடிய கெட்டது எல்லாவற்றுக்கும் மாதத் தவணை எவ்வளவு என்று சொல்லிவிடுவார். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. அதனால் அவரிடம் தெளிவான கருத்து இருந்தது.

"அண்ணே, பம்ப் எடுங்க லா. அஞ்சு தோட்டா போகும். முன்பிடியப் பின்னால இழுத்து முன்னால தள்ளுனா போதும். கிரக் கிரக்னு அந்தச் சத்தத்துக்கே பன்னி ஓடிரும்."

"அந்தச் சத்தம் என்ன சத்தம்னு பன்னிக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"எல்லாத்துக்கும் கேள்வி கேப்பீங்கண்ணே. மனுசன் ஓடுறானா இல்லையா? பன்னிக்கு மட்டும் அறிவு இல்லையா?"

ஆனால் அவர் ஐந்து என்று சொன்னதுமே நான் விழுந்துவிட்டேன். எண்ணிப் பிழைத்தவனிடம் பெரிய எண்ணைச் சொல்லக் கூடாது. ஐந்து இரண்டைவிட மூன்று அதிகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

நேர்காணலில் காவல்துறை அதிகாரி எதற்குத் துப்பாக்கி என்று கேட்டார். பன்றிக்கு என்றேன். பன்றியைச் சுட்டிருக்கிறீர்களா என்றார். இல்லை, ஊசி போட்டுக்கூடப் பழக்கமில்லை, மருந்து கொடுத்துத்தான் பழக்கம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இருந்தாலும் வீட்டைச் சோதித்து, இரும்பு அலமாரியைச் சுவரோடு ஆட்டிப் பார்த்து, ரோஸ் போட்ட தேநீரை இரண்டு கோப்பை குடித்துவிட்டு, அனுமதி கொடுத்தார்கள்.

லியோங்கின் கடை

ஈப்போவில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் லியோங்குக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் அவருக்குத் தமிழ் தோட்டத்துத் தமிழாகவே வரும். கோபம் வந்தால் மட்டும் கண்டோனீசுக்குப் போய்விடுவார்.

நான், ரோஸ், செட்டியார் மூவரும் போனோம். செட்டியாரை நான் கூப்பிடவில்லை.

லியோங் முதலில் என் கனவுகளைச் சுத்தம் செய்தார். "அண்ணே, யானைக்கு இது ஆகாது. யானைக்கு இதத் தூக்குனா யானை சிரிக்கும். புலி, கரடிக்கும் தூக்கக் கூடாது, சட்டம் இருக்கு. அதெல்லாம் பாத்தா பின்னாலயே நடந்து வந்துட்டு, வனவிலங்கு இலாகாவுக்குப் போன் போடுங்க. இது பன்னிக்கு மட்டும். அதுவும் வேற வழி இல்லாட்டி."

பிறகு மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, செட்டியார் சொன்ன பம்ப். இரண்டாவது தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது. விசையை அழுத்த அழுத்தச் சுடும். அதற்கு அனுமதி கிடைப்பது கடினம், எனக்குத் தெரிவதற்காகத்தான் காட்டினார். மூன்றாவது, நடுவில் முறிந்து திறக்கிற இரட்டைக் குழல். மலாய்க்காரர்கள் முறிவது என்ற பொருளில் 'பாத்தா' என்கிறார்கள், நம்மவர்களும் அப்படியே. குழலை மடக்கி, பின்பக்கத்தில் இரண்டு தோட்டாவைக் கையால் வைத்து, மூடிச் சுட வேண்டும். அவ்வளவுதான் அதன் வித்தை.

"ரெண்டுதானா?" என்றேன்.

"ரெண்டுதான்."

"பம்புல அஞ்சு."

லியோங் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பம்ப்பில் மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு என் கையில் கொடுத்தார். "நான் 'பாபி, பன்னி'ன்னு கத்துவேன். அண்ணே இழுத்துத் தள்ளிச் சுடணும். சுவத்தப் பாத்து."

கத்தினார். சொல்லிவிட்டுக் கத்தினாலும் மனிதன் பதறத்தான் செய்கிறான். முன்பிடியை இழுத்தேன், பாதி இழுத்ததும் போதும் என்று தோன்றிவிட்டது, முன்னால் தள்ளினேன். தோட்டா உள்ளே குறுக்காக மாட்டிக்கொண்டது. நான் விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"அண்ணே செத்துட்டீங்க" என்றார் லியோங்.

மறுபடி செய்தேன். மறுபடி செத்தேன். மூன்றாம் முறை சரியாக வந்தது, ஆனால் அதற்குள் லியோங் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பம்ப்பை முழுதாகப் பின்னால் இழுத்து முழுதாக முன்னால் தள்ள வேண்டுமாம். பயந்தவன் கை பாதியில் நின்றுவிடும். பழகப் பழகச் சரியாகும், ஆனால் ஒவ்வொரு வாரமும் பழக வேண்டும் என்றார்.

செட்டியார், "குடுங்கண்ணே, இதுல என்ன இருக்கு" என்று வாங்கினார். அவரும் செத்தார். "காப்புறுதி இருக்கா?" என்று லியோங் கேட்டார்.

அடுத்து, தானாக ஏற்றிக்கொள்வது. லியோங் கத்தினார். நான் துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கிச் சுவரைப் பார்த்து அழுத்தினேன். நன்றாகச் செய்ததாகவே நினைத்தேன்.

"எத்தன தடவ அமுக்குனீங்க?"

"ஒரு தடவை."

"மூணு. நான் விரலப் பாத்தேன். ஒண்ணு தரையில. ஒண்ணு சுவத்துல."

"இன்னொண்ணு?"

லியோங் திரும்பினார். நானும் திரும்பினேன். துப்பாக்கி தரையிலிருந்து சுவருக்கு ஏறிய வழியில், ஒரு முக்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரோஸ் உட்கார்ந்திருந்தாள்.

லியோங் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

வாய் திறந்த துப்பாக்கி

அப்போதுதான் லியோங் கேட்டார். "அண்ணே, கெபுன்ல யாரு முன்னால நடப்பா?"

தோட்டத்தில் யார் முன்னால் நடப்பது என்று நான் யோசித்ததே இல்லை. பன்றி எத்தனை அடி தூரத்தில் வரும், எவ்வளவு வேகத்தில் வரும், எனக்கு எத்தனை வினாடி கிடைக்கும் எல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் நிலம் பழைய ரப்பர் வரிசை மேடு. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் வாய்க்கால். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. எனக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது, பாம்பைக் கயிறு என்றும் கயிற்றைப் பாம்பு என்றும் பார்ப்பவன். ஆகவே எப்போதும் ரோஸ்தான் முன்னால்.

"அவதான்" என்றேன்.

"அப்ப அக்கா சொல்லட்டும்" என்றார் லியோங்.

ரோஸ் எழுந்து வந்தாள். "எனக்குப் பன்னியக் கண்டும் பயந்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா இவரு கையில இத வச்சுக்கிட்டுப் பின்னால வந்தா, நான் முன்னால பாக்குறதா, பின்னால பாக்குறதா?"

லியோங் மூன்றாவதை எடுத்தார். மடக்கினார். முழங்கையில் ஒரு துண்டைப் போல் தொங்கவிட்டார். இரண்டு குழலின் வழியாகவும் கடைக் கூரையின் விளக்கு தெரிந்தது.

இங்கே என் சித்தப்பா சூசையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அவர் ஒரு ரப்பர் தோட்டத்தில் காவல்காரர். தோட்டத்து ஆபீஸ் அவருக்கு ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று கொடுத்திருந்தது. அதை வீட்டில் விட்டுவிட்டு எங்கும் போகக் கூடாது என்று உத்தரவு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கொண்டுவருவார். சாமியார் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தார். துப்பாக்கி வரலாம், ஆனால் கடைசி பெஞ்சில், வாயைத் திறந்து வைத்தபடி. பூசை முழுவதும் அது சித்தப்பாவின் பக்கத்தில் மடங்கிப் படுத்திருக்கும். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் தீர்த்தம் தொட்டு, சிலுவை போட்டு, பிறகு ஓரக்கண்ணால் அந்தக் குழலைப் பார்ப்பார்கள். காலியாக இருக்கும். நிம்மதியாக முழங்காலில் நிற்பார்கள். ஒரு ஈஸ்டருக்குச் சித்தப்பா மறந்துபோய் அதை மூடி வைத்துவிட்டார். அன்று யாரும் கண்ணை மூடி ஜெபம் செய்யவில்லை. பிரசங்கம் நாலு நிமிடத்தில் முடிந்தது.

அந்தக் கோயிலில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது ரோசின் குடும்பம். அவளுக்கும் அது ஞாபகம் இருந்தது என்று லியோங்கின் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

"இது போதும்" என்றாள். "திரும்பிப் பாத்தாத் தெரியும். இவரு வார்த்தைய நம்ப வேண்டியதில்ல."

"ரெண்டு குண்டுதான் ரோஸ்" என்று நான் முனகினேன்.

"அண்ணே, மூணாவது குண்டு வரைக்கும் பன்னி நிக்காது" என்றார் லியோங். "இதுல சிக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. ஈரத்துல கெடந்தாலும் தெறக்கும், மூடும். வயசானவங்களுக்கு நல்லது."

அவர் என்னைவிட இரண்டு வயதாவது மூத்தவர்.

ரோஸ் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். நடக்கும்போது துப்பாக்கி திறந்தே இருக்க வேண்டும். தோட்டா உள்ளே இருக்கக் கூடாது. அவள் "போடுங்க" என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். இதற்கெல்லாம் சம்மதித்தால் அவள் தோட்டத்துக்கு வருவாள். இல்லாவிட்டால் மெர்சியிடம் விற்கச் சொல்லிவிடுவாள்.

"அண்ணே, பிரேக் போடப் பெண்டாட்டிகிட்ட லைசென்ஸ் வாங்கிக் கார் ஓட்டுன மாதிரி இருக்கே" என்றார் செட்டியார்.

"நீங்க பம்ப்ப வாங்கிக்குங்க அண்ணே" என்றாள் ரோஸ். "உங்க முன்னால நடக்க ஆச்சி வர்றாங்களான்னு கேட்டுட்டு."

செட்டியார் வாங்கவில்லை.

அழுத்தித் திருகவும்

இனி பன்றிக்குப் போவோம்.

ஒன்றை மட்டும் நான் ரோசிடம் கேட்காமல் தீர்மானித்திருந்தேன். மழைக் காலம். தோட்டாக்களைச் சட்டைப் பையில் போட்டால் நனையும் என்று கவலைப்பட்டேன். லியோங் நனையாது என்று சொன்னார். அவர் சொல்லிவிட்டால் கவலை போய்விடுமா. வீட்டில் ரோசின் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வந்த பெரிய பிளாஸ்டிக் புட்டி இருந்தது. அதில் இரண்டு தோட்டாக்கள் அளந்து செய்தது போல் நின்றன. ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றும் போட்டேன். குழந்தைகள் திறக்க முடியாத மூடி. அழுத்தித் திருக வேண்டும். முப்பத்து நான்கு வருடம் ஜன்னல் வழியாக அம்மாக்களுக்கு நான் சொன்ன மந்திரம் அது: அழுத்துங்க, திருகுங்க.

தாய்ப் பன்றி எங்களைப் பார்த்துவிட்டது. மூக்கைத் தூக்கி மூச்சு விட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. பழைய பஸ்ஸின் கதவு திறப்பது போல் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். குட்டிகள் அதன் காலடியில் ஒட்டிக்கொண்டன.

ரோஸ் அசையவில்லை. அவளுடைய கழுத்தின் பின்புறம் மட்டும் எனக்குத் தெரிந்தது. அங்கே வேர்வை ஒரு கோடாக இறங்கியது.

"போடுங்க" என்றாள், உதடு மட்டும் அசைவது போல.

நான் புட்டியை எடுத்தேன். திருகினேன். மூடி டக் டக் டக் என்று சுற்றியது. அழுத்தினேன். திருகவில்லை. திருகினேன். அழுத்தவில்லை. துப்பாக்கி முழங்கையிலிருந்து சரிந்தது, அதைப் பிடித்தால் புட்டி நழுவியது.

"போட்டாச்சா?"

"மூடி தெறக்க மாட்டேங்குது."

"என்ன மூடி?"

பன்றிக்கு முதுகைக் காட்டாமல், தலையைத் திருப்பாமல், ரோஸ் தன் வலது கையை மட்டும் பின்னால் நீட்டினாள். நான் புட்டியை அதில் வைத்தேன். அவள் அதை வயிற்றோடு அணைத்து, பார்க்காமலே அழுத்தி, பார்க்காமலே திருகினாள். ஒரு தோட்டாவை எடுத்துத் தோளுக்கு மேலாக நீட்டினாள். வாங்கிக் குழலில் வைத்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வாய்க்கால் ஓரம் இடது பக்கமாக மூன்று அடி எடுத்து வைத்து, அவளுக்கு இணையாக நின்று, குழல் அவள் பக்கம் திரும்பாமல் துப்பாக்கியை மூடினேன்.

கட்டைக் கதவைச் சாத்தியது போல் ஒரு சத்தம்.

பன்றிக்கு அந்தச் சத்தம் போதுமாக இருந்தது. ஒரு முறை என்னைப் பார்த்தது. அதற்கு என் மீது மரியாதை இருந்ததாகச் சொல்ல மாட்டேன். திரும்பி வாழைக்குள் நடந்தது, ஓடக்கூட இல்லை. குட்டிகள் வரிசையாகப் பின்னால் போயின. எட்டுதான்.

ரோஸ் மூச்சை விட்டாள்.

அப்போது நான் சுட்டேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். பத்து வாரம் தயாரானவன். பன்றி போய்விட்ட செய்தி என் கண்ணுக்கு வந்து, அங்கிருந்து விரலுக்குப் போவதற்குள் விரல் தன் வேலையை முடித்துவிட்டது. காது இரண்டும் அடைத்தன. கொய்யா மரங்களிலிருந்து மழைத்துளி எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது. புகை கலைந்தபோது, பன்றி நின்ற இடத்துக்கு நேர் பின்னால், எங்கள் பேச்சில் தாங்கி, அந்த நீலத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து, தோட்டாவுக்குள் இருந்த குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக, ஒன்பது தாரைகள் வளைந்து வளைந்து ஊற்றிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாகவே இருந்தது.

ரோஸ் என்னவோ சொன்னாள். காது அடைத்திருந்ததால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"பன்னியும் போயிருச்சு. தாங்கியும் போயிருச்சு."

பிறகு பாதையிலேயே உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்து நான் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் அடித்த தண்ணீரைக்கூடத் துடைக்காமல் சிரித்தாள். எழுந்ததும் என் கையிலிருந்த துப்பாக்கியை மடக்கி, காலித் தோட்டாவை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, துப்பாக்கியை மறுபடி என் முழங்கையில் மாட்டிவிட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

குளம்

இத்தோடு முடிந்திருந்தால் இது வெற்றிக் கதை.

தொட்டியில் இருந்தது நானூறு கேலன் தண்ணீர். அத்தனையும் கொய்யா வரிசைக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் போய் நின்றது. அதன் மேல் மழையும் பெய்தது. அடுத்த வாரம் போனபோது அங்கே பெரிய சேற்றுக் குளம் ஒன்று இருந்தது. பன்றிக்குச் சேற்றைவிடச் சொர்க்கம் வேறு கிடையாது. தாய்ப் பன்றியும் குட்டிகளும் மட்டுமல்ல, எங்கிருந்தோ மாமன் மச்சான் எல்லாரும் வந்து புரண்டுவிட்டுப் போயிருந்தார்கள். மரங்களில் ஆள் உயரத்துக்குச் சேறு.

செட்டியார் வந்து பார்த்தார். "அண்ணே, பன்னிய வெரட்டத்தான் துப்பாக்கி வாங்குனோம்னு நெனச்சேன். விருந்துக்குக் கூப்பிடவா வாங்குனோம்?"

லியோங்குக்குப் போன் செய்தேன். அவர் வெகுநேரம் கண்டோனீசில் பேசினார். முடித்துவிட்டு, "வேலி போடுங்க அண்ணே" என்றார். "சூரிய வெளிச்சத்துல ஓடுற கரண்டு வேலி. பன்னி மூக்கு பட்டா ஓடிரும், சாகாது. நான் மொத நாளே சொல்லலாம்னு பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க வேலிக் கடைக்கா வந்தீங்க? துப்பாக்கிக் கடைக்குல்ல வந்தீங்க."

நியாயமான பதில். வேலி போட்டோம். பள்ளத்தை மூடி வாய்க்கால் வெட்டினோம். புதுத் தொட்டி வந்தது. ரோஸ் அதைக் குடிசைக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள், என் பார்வை படாத இடமாக. பன்றிகள் இப்போது செட்டியார் நிலத்தில் இருக்கின்றன. அவர் வேலிக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

துப்பாக்கி ஈப்போவில் எங்கள் வீட்டு இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. மாதம் ஒரு முறை எண்ணெய் போடுகிறேன், வாசகர்கள் அனுப்பியதை அல்ல.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மெர்சி போன் செய்தாள்.

"நெலத்துக்கு ஆள் பாக்கவா பா?"

"வேணாம்."

"அம்மா தெகிரியமா போறாங்களா?"

"போறா. முன்ன மாதிரியே வேகமாப் போறா. நான்தான் பின்னால ஓட வேண்டியிருக்கு."

என் மகள் அல்லவா, அடுத்து எதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா மறுபடி முன்னால நடக்க, எல்லாம் சேத்து எவ்வளவுப்பா ஆச்சு?"

துப்பாக்கி, அலமாரி, உரிமம், தோட்டாப் பெட்டி, தொட்டி, வாய்க்கால், வேலி எல்லாவற்றையும் இரண்டு தடவை கூட்டியிருந்தேன். பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு வெள்ளி நாற்பது காசு என்றேன்.